டி டிரைவில் மட்டும் சேமிக்கவும்

அக்கா,

என் மேசைமேல் ஒரு மஞ்சள் சீட்டு இருக்கிறது. நாலு விரல் அகலம். பின்பக்கத்துப் பசை காய்ந்து, அதில் ஒட்டிய தூசி கறுப்புக் கோடாகிவிட்டது. முன்பக்கம் நீல மையில் என் கையெழுத்து: 'வரைபடங்களை டி டிரைவில் மட்டும் சேமிக்கவும்.' 'மட்டும்' என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு இழுத்திருக்கிறேன். அந்த வயதில் எனக்கு எதற்கும் ஒரு கோடு போதாது. 'டி'க்குப் பக்கத்தில் பென்சிலால், பொடிப் பொடியாக, கன்னடத்தில் இரண்டு எழுத்து. அவற்றுக்குப் பிறகு ஒரு கேள்விக்குறி. அது உங்கள் கை.

போன ஞாயிற்றுக்கிழமை ஜவளகிரியில் உங்கள் வீட்டுக்காரர் இதை என்னிடம் கொடுத்தார். நீங்கள் போன செய்தி எனக்கு நாற்பது நாள் கழித்துத்தான் வந்தது. நம் பழைய ஆபீஸ் ஆள் ஒருவரை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, ஏதோ எனக்குத் தெரிந்த விஷயம்போலச் சொன்னார். நெஞ்சுவலி என்று அவ்வளவுதான் அவருக்கும் தெரிந்திருந்தது. தளி வழியாக பஸ் மாறி உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் வீட்டுக்காரர் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். என் புத்திதான் உங்களுக்குத் தெரியுமே. இவர் எதற்கு எனக்கு இத்தனை மரியாதை செய்கிறார், என்னத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு செய்கிறார் என்று யோசித்துக்கொண்டேதான் அந்தக் காப்பியைக் குடித்தேன்.

உங்களிடம் சொல்ல வேண்டியதை இருபது வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழ் மெதுவாகத்தான் படிக்க வரும். அவசரமில்லை.

நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்த வருஷம் அது. சிப்காட்டில், தகட்டை வெட்டி வளைக்கும் அச்சுகள் செய்கிற சின்னக் கம்பெனி. பின்பக்கம் ஷெட், முன்பக்கம் ஆபீஸ், ஆபீஸில் ஒன்பது கம்ப்யூட்டர். அந்த ஒன்பதையும், புதிதாக வாங்கிய ஒரு சர்வரையும் பார்த்துக்கொள்ள ஆறு மாத ப்ரொபேஷனில் என்னை எடுத்தார்கள். நீங்கள் அங்கே நாலு வருஷமாக டிராயிங் போட்டுக்கொண்டிருந்தீர்கள். எனக்கு என்ன பெயர் என்று கேட்கக்கூட இல்லை. முதல் நாளே "சிஸ்டம், இங்க வா" என்றீர்கள். அதுவே என் பெயராகிவிட்டது.

என் சந்தேக புத்தி உங்களுக்குப் பெரிய வேடிக்கை. டிபன் பாக்ஸில் இட்லியை எண்ணிப் போட்டுக்கொண்டு வருகிறவள் என்று சாப்பாட்டு மேசையில் கேலி செய்வீர்கள். அது பொய்யில்லை. விடுதியில் ஒருத்தி என் தேங்காய் எண்ணெயைத் தொட்டிருக்கிறாள் என்று பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்ததைச் சொன்னபோது நீங்கள் சிரித்த சிரிப்பில் புரை ஏறியது. "உன்னக் கட்டிக்கப் போறவன் பாவம்" என்றீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் விடுதிக்குப் போய், இந்த அக்கா எதற்கு என் விஷயமெல்லாம் தோண்டித் தோண்டிக் கேட்கிறார் என்று யோசித்தேன்.

சர்வர் வருகிற வரைக்கும் ஆளாளுக்கு அவரவர் கம்ப்யூட்டரில் டிராயிங்கை வைத்துக்கொண்டிருந்தீர்கள். ஷெட்டில் யாருக்காவது வேண்டுமென்றால் ஃபிளாப்பியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். எது புதிது, எது பழையது என்று யாருக்கும் தெரியாது. அதற்குத்தான் சர்வரில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் வைத்து, அதுவரை இருந்த டிராயிங்கையெல்லாம் அதில் நகல் எடுத்துப் போட்டேன். காலையில் நீங்கள் பாஸ்வேர்டு கொடுத்ததும் ஒரு கறுப்பு ஜன்னல் கண்ணிமைக்கும் நேரம் தோன்றி மறையுமே, அதுதான் நான் எழுதிய லாகான் ஸ்கிரிப்ட். ஏழே வரி. அது ஓடினால் சர்வரில் இருக்கும் அந்தப் பொது ஃபோல்டர், ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனி டிரைவாக வந்து மாட்டிக்கொள்ளும். டிரைவுக்கு ஒரு ஆங்கில எழுத்து வேண்டும். நாம் டூல் செய்கிற கம்பெனி என்று 'டூல்' என்பதன் முதல் எழுத்தையே வைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அந்த வாரம் நீங்கள் யுகாதிக்கு மூன்று நாள் லீவு. மற்றவர்களை உட்காரவைத்து வாயால் சொல்லிக்கொடுத்தேன். ஐ.எஸ்.ஓ. தணிக்கைக்கு ஆள் வரப்போகிறார்கள், வேலை செய்கிறவர்களுக்குப் புரிகிற மொழியில் எழுதி ஒட்டு என்று எம்.டி. சார் சொன்னார். சுத்தத் தமிழில் ஒன்பது மஞ்சள் சீட்டு எழுதி ஒன்பது மானிட்டரிலும் ஒட்டினேன். ஆபீஸில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் பத்தாம் வகுப்புவரை கன்னட மீடியத்தில் படித்தவர் என்பதும், பஸ் போர்டு படித்துப் படித்தே தமிழ் கற்றவர் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை.

அதற்கடுத்த மூன்று வாரம் எனக்கு நரகம். காலையில் வந்து பார்த்தால் இரண்டு கம்ப்யூட்டரில் டிரைவ் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. மறுநாள் வேறு மூன்றில். சில நாள் டிரைவே இருக்காது. மறுபடி லாகான் செய்தால் வந்துவிடும். யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. கூட்டுகிற அம்மா வயரைப் பிடுங்குகிறாரா, அக்கவுண்ட்ஸ்காரர் சுவிட்சை அணைக்கிறாரா என்று ஒரு நோட்டுப் போட்டு, யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று எழுதினேன். வயர் மாட்டும் இடத்தில் சாக்பீஸால் குறி வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு நீங்கள், "ஏ சிஸ்டம், வயருக்கும் காவலா?" என்று கேட்டீர்கள். குறி வைத்திருப்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று உங்கள் பெயரையும் நோட்டில் சேர்த்தேன்.

கடைசியில் குற்றவாளி யாருமில்லை. அந்தக் கம்ப்யூட்டர்கள் சீக்கிரம் திறந்து காட்ட வேண்டும் என்ற அவசரத்தில், நெட்வொர்க் தயாராவதற்கு முன்னாலேயே ஆளை உள்ளே விட்டுவிடுகின்றன. சர்வரே கண்ணுக்குத் தெரியாத நேரத்தில் டிரைவை எங்கே கொண்டுபோய் மாட்டுவது? நெட்வொர்க் வரும்வரை காத்திரு என்று ஒரு செட்டிங்கை மாற்றினேன். சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் எம்.டி. சார் என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ உன் சர்வரால வேல நின்னுச்சுன்னா ப்ரொபேஷன் முடியற வரைக்கும் நீ இருக்க வேணாம்மா" என்று சொல்லிவிட்டார். அவர் கேபினுக்குக் கதவு கிடையாது. உங்கள் மேசைக்கும் அது கேட்டிருக்கும்.

அந்த வேலை போனால் எனக்கு ஊர்தான். ஊருக்குப் போனால் மாமா பையன் தயாராக இருந்தான். இதையும் உங்களிடம்தான் சொல்லியிருந்தேன்.

பிறகு அந்த பிராக்கெட் அச்சு விவகாரம் வந்தது. வாடிக்கையாளர் ஒரு துளையை மூன்று மில்லிமீட்டர் தள்ளி வைக்கச் சொல்லி டிராயிங்கைத் திருத்தித் தரச் சொன்னார்கள். நீங்கள் திருத்தினீர்கள். ஷெட்டில் சர்வரைத் திறந்து, அங்கே இருந்த பழைய டிராயிங்கை எடுத்து, அதன்படி இரும்பை வெட்டி முடித்துவிட்டார்கள். பார்க்க வந்த வாடிக்கையாளர் துளையை அளந்துவிட்டு நேராகப் போய்க் காரில் ஏறினார். புது டிராயிங் ஏன் சர்வரில் இல்லை என்ற கேள்வி மத்தியானத்துக்குள் என் தலைமேல் வந்து நின்றது. சர்வர்தான் முழுங்கிவிட்டது என்று ஷெட்டில் பேசிக்கொண்டார்கள்.

நீங்கள் சாப்பிடப் போயிருந்தீர்கள். நான் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் கம்ப்யூட்டரைத் தேடினேன். அந்த பிராக்கெட் டிராயிங் அங்கே இருந்தது. அது மட்டுமில்லை, ஒரு மாதமாக நீங்கள் போட்ட பதினோரு டிராயிங்கும் உங்கள் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்கிலேயே, தேதி வாரியாக, அழகாக அடுக்கி இருந்தன. சர்வரில் ஒன்றுகூட இல்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அக்கா. பொய் சொல்ல மாட்டேன். சர்வர்மேல் தப்பில்லை, என்மேல் தப்பில்லை, இங்கே ஒரு ஆள் அகப்பட்டிருக்கிறார் என்ற சந்தோஷம். அப்புறம் மற்றதெல்லாம் தானாக வந்து சேர்ந்துகொண்டது. உங்கள் வீட்டுக்காரர் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில், நம்மைப் போலவே அச்சு செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தார். அவர் கொடுத்த பென் டிரைவைச் சிவப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பீர்கள். நம் ஆபீஸில் அப்போது பென் டிரைவ் வைத்திருந்த ஒரே ஆள் நீங்கள். நீங்கள் திரும்பி வரும்வரை பத்து நிமிடம் காத்திருந்து, 'ஏங்க்கா இங்க வச்சிருக்கீங்க?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவீர்கள் என்று நினைத்தேன். நேராகக் கேபினுக்குப் போனேன்.

"சார், புது டிராயிங் எல்லாத்தையும் அவங்க தனியா அவங்க கம்ப்யூட்டர்லயே வச்சிருக்காங்க. சர்வர்ல எதுவுமே இல்ல. அவங்க வீட்டுக்காரர் அத்திப்பள்ளியில..." என்று ஆரம்பித்து, அங்கே நிறுத்தினேன். மீதியை அவரே நினைத்துக்கொள்ளட்டும் என்று நிறுத்தினேன்.

சார் உங்களைக் கேபினுக்குக் கூப்பிட்டார். எந்த டிரைவில் ஒன்றுமில்லை, எந்த டிரைவில் எல்லாம் குவிந்திருக்கிறது என்று இரண்டு பெயரையும் சொல்லிச் சத்தம் போட்டார். நீங்கள் ஏதோ சொல்ல வாய் திறந்து, நிறுத்தி, என்னைப் பார்த்தீர்கள். கோபமாகப் பார்க்கவில்லை. கணக்கில் விட்டுப்போன எண் கிடைத்த ஆள் பார்ப்பதுபோல் இருந்தது.

"வா, எனக்குக் காட்டு" என்று சார் எழுந்தார். நீங்கள் எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்து போனீர்கள். நாங்கள் வந்து சேரும்போது கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள். வலது கை மூடியிருந்தது. பென் டிரைவ் கழுத்தில்தான் தொங்கியது. அப்படியானால் கையில் இருப்பது இன்னொன்று என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் என் நோட்டில் எழுதியது இன்றைக்கும் இருக்கிறது: 'இரண்டாவது பென் டிரைவ்?'

"ஏம்மா இத சர்வர்ல போடல?"

"மறந்துட்டன் சார்."

"பதினோரு தடவ மறப்பியா?"

"ஆமாங்க சார். பழைய பழக்கம். மறந்துட்டன்."

சார் பென் டிரைவைக் கழற்றச் சொன்னார். அதில் ஏதோ கல்யாண போட்டோக்கள்தான் இருந்தன. இருந்தாலும் அவருக்கு மனம் ஆறவில்லை. உங்களை டிராயிங்கிலிருந்து எடுத்து டெஸ்பாட்சில் போட்டார். கம்ப்யூட்டர் இல்லாத மேசை. பெட்டிமேல் பெயர் எழுதி, சலான் கிழித்துக் கொடுக்கிற வேலை. நாலு வருஷம் டிராயிங் போட்ட கைக்கு மார்க்கர் பேனா. யாரும் உங்களைத் திருடி என்று சொல்லவில்லை. நீங்கள் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அந்த மானிட்டரில் நான் ஒட்டிய சீட்டு இல்லை என்பதை இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன். 'பார்க்கவே இல்லை என்று சாதிக்கப் பிய்த்திருக்கிறார்' என்று அதையும் எழுதிக்கொண்டேன்.

உங்கள் இடத்துக்கு உத்தனப்பள்ளியிலிருந்து ஒரு பெண்ணை எடுத்தார்கள். வேறொரு மானிட்டரிலிருந்து சீட்டைப் பிய்த்து வந்து அவளுக்கு ஒட்டிக்கொடுத்தேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை. திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"மேடம், இது டீக்கடை டீயா, டில்லி டியா?"

"என்னது?"

"இல்லீங்க மேடம், தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே டிதான. கம்ப்யூட்டர்ல டில்லி டியும் இருக்குது, டீக்கடை டீயும் இருக்குது. எதுல போடறது?"

நான் போய் அந்தச் சீட்டைப் படித்தேன். என் கையால் எழுதியதை முதன்முறையாகப் படித்தேன். டூல் என்பதன் முதல் எழுத்தும் டில்லியின் முதல் எழுத்தும் தமிழில் ஒன்றுதான். கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்குக்கு டில்லியின் எழுத்து. நீங்கள் நாலு வருஷமாக டிராயிங் வைத்துக்கொண்டிருந்ததும் அதே டிஸ்க்தான். அதில் 'மட்டும்' வை என்று இரண்டு கோடு போட்டு நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். வாயால் கேட்டவர்கள் தப்பித்தார்கள். எழுத்தை நம்பிய ஒரே ஆள் நீங்கள். நீங்கள் எதையும் மறக்கவில்லை. சொன்னபடி செய்திருந்தீர்கள், பதினோரு தடவையும்.

அப்போது நீங்கள் நாற்பதடி தள்ளி டெஸ்பாட்சில் உட்கார்ந்து பெட்டிக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்தீர்கள்.

எழுந்து வந்திருக்கலாம். சாரிடம் போயிருக்கலாம். நான் செய்தது இது: எட்டுச் சீட்டையும் பிய்த்துக் கிழித்துக் குப்பையில் போட்டேன். ஸ்கிரிப்டில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி, டிரைவுக்கு 'எம்' என்று பெயர் வைத்தேன். சார் கேட்டபோது, "லெட்டர் கிளாஷ் ஆகுது சார்" என்றேன். "சரி" என்றார். வேலை நிரந்தரமாகட்டும், மறுநாளே சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே வாய்தா வாங்கினேன். நிரந்தரமான கடிதமும் வந்தது. சாயங்காலம் சொல்லலாம், திங்கட்கிழமை சொல்லலாம் என்று இருந்தபோது ஒரு திங்கட்கிழமை நீங்கள் வரவில்லை. அத்திப்பள்ளியில் உங்கள் வீட்டுக்காரர் கம்பெனியிலேயே சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். "பாத்தியா, நாம நெனச்சது சரிதான்" என்று அக்கவுண்ட்ஸ்காரர் சொன்னபோது நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் எனக்குக் கழுத்து கூசுகிறது.

அந்த இடைப்பட்ட ஒரு மாதம் தினமும் மத்தியானம் என் பக்கத்தில்தான் வந்து உட்கார்ந்தீர்கள். உங்கள் பாக்ஸிலிருந்து ராகி ரொட்டியைப் பிய்த்து என் மூடியில் வைப்பீர்கள். இவருக்கு உண்மை தெரியுமா, தெரிந்துதான் வைக்கிறாரா என்று ஒவ்வொரு வாய்க்கும் யோசித்தேன். தெரியும் என்றால் சீட்டு இவரிடம் இருக்கிறது. இருந்தால் என்றைக்காவது சார் மேசையில் கொண்டுபோய் வைப்பார். அதற்குத்தான் சமயம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பயந்தேன். நீங்கள் போன பிறகும் அந்தப் பயம் போகவில்லை. தபாலில் வருமோ என்று சில மாதம் கவரையெல்லாம் நானே முதலில் வாங்கிப் பார்த்தேன்.

ஐந்தாறு வருஷம் கழித்து ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் உங்களைப் பார்த்தேன், ஞாபகமிருக்கிறதா? நான் கிருஷ்ணகிரி பஸ்ஸுக்குப் பின்னால் ஒதுங்கினேன். நீங்கள் சுற்றிக்கொண்டு வந்து, "சிஸ்டம், ஏன் சும்னே ஒளியற?" என்று உங்கள் கன்னடச் 'சும்மா'வோடு கேட்டுக் கையைப் பிடித்தீர்கள். நல்லா இருக்கியா, கல்யாணம் ஆச்சா என்று கேட்டுவிட்டு, "சர்வர் நல்லா இருக்குதா?" என்றீர்கள். குத்திக்காட்டுகிறீர்கள் என்று நினைத்தேன். பையிலிருந்து இரண்டு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தீர்கள். வீட்டில் வைத்து, ஒரு பகல் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

காப்பி முடிந்ததும் உங்கள் வீட்டுக்காரர் உள்ளே போய் ஒரு நோட்டு எடுத்து வந்தார். நீங்கள் டிராயிங் கமாண்டெல்லாம் எழுதிவைத்திருந்த அந்த நீள நோட்டு. நடுப்பக்கத்தில் இந்தச் சீட்டு.

"இது சிஸ்டம் எழுதுனதுன்னு ஒரு தரம் சொன்னா. வேற ஒண்ணும் சொல்லல. தூக்கிப் போடவும் விடல. எனக்குத் தமிழ் பேசத்தாம்மா வரும், படிக்க வராது. என்ன எழுதியிருக்குது?"

சீட்டைக் கையில் வாங்கியதும் அந்தப் பென்சில் எழுத்துகள்தான் கண்ணில் பட்டன. இருபது வருஷம் ஓசூர்ப் பக்கம் இருந்தவளுக்கு அந்த இரண்டு எழுத்து தெரியாதா. முதலாவது டீக்கடை டீ, இரண்டாவது டில்லி டி. கன்னடத்தில் இரண்டும் வேறு வேறு. அந்தக் கேள்விக்குறியைப் பார்த்தவுடன், சுத்தமாக மறந்துபோன ஒரு காலை நேரம் எனக்குத் திரும்பி வந்தது.

நீங்கள் யுகாதி லீவு முடிந்து வந்த நாள். டிரைவ் காணாமல் போன ஆத்திரத்தில் நான் மேசைக்கு அடியில் தவழ்ந்து வயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் செருப்பு மட்டும் தெரிந்தது.

"சிஸ்டம், ஒரு டவுட்டு."

"என்னக்கா?"

"நீ ஒட்டியிருக்கற சீட்டு..."

"எல்லாம் அதுலயே எழுதியிருக்குக்கா. தமிழ்லதான எழுதிருக்கேன்? படிங்க."

"படிச்சன். அதுலதான் டவுட்டு."

"ஒரு வரியில என்னக்கா டவுட்டு? எழுதியிருக்கற மாதிரி செய்யுங்க."

செருப்பு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. மேலே மேசையில் ஏதோ வைக்கும் சத்தம் கேட்டது. நான் வெளியே வந்தபோது பேப்பரில் சுற்றிய இரண்டு ஒப்பட்டு, யுகாதிப் போளி, இருந்தது. நெய் பேப்பரில் ஊறியிருந்தது. இந்த அக்கா எதற்கு என்னைத் தாஜா செய்கிறார் என்று நினைத்தது ஞாபகம் வந்தது. தின்றதும் ஞாபகம் வந்தது.

கேட்டிருக்கிறீர்கள். எழுதிவைத்துக்கொண்டு வந்து கேட்டிருக்கிறீர்கள். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், அக்கா. நீங்கள் சந்தேகம் கேட்டீர்கள். நான் சந்தேகப்பட்டேன்.

அப்புறம்தான் அந்த மூடிய கை எனக்குப் புரிந்தது. சார் கேபினில் இரண்டு டிரைவின் பெயரையும் வாயால் சொன்னபோது உங்களுக்கு உங்கள் டவுட்டு தீர்ந்திருக்கும். உங்களைக் காப்பாற்ற அந்த ஆபீஸில் இருந்த ஒரே சாட்சி இந்தச் சீட்டு. அதைச் சார் கண்ணில் காட்டியிருந்தால் அன்றைக்கே நான் ஊருக்குப் பஸ் ஏறியிருப்பேன். நீங்கள் முன்னால் ஓடிப்போய் அதைப் பிய்த்துக் கைக்குள் வைத்துக்கொண்டீர்கள். ஊரில் எல்லாரையும் சந்தேகப்படத் தெரிந்த எனக்கு, ஒரு ஆள் தனக்கு வேண்டிய சாட்சியைத் தானே ஏன் மறைக்க வேண்டும் என்று இருபது வருஷமாகக் கேட்டுக்கொள்ளத் தெரியவில்லை.

"என்னம்மா, படிக்க முடியலயா? அழிஞ்சுபோச்சா?" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். படிக்க ஆரம்பித்தேன். "வரைபடங்களை..." என்றதும் நின்றுவிட்டேன். அடுத்த எழுத்தை வாயால் சொல்ல வேண்டும். எழுதும்போது தேவைப்படாத முடிவு, சொல்லும்போது தேவைப்பட்டது. நான் எந்த எழுத்தை நினைத்து எழுதினேனோ அது வரவில்லை. நீங்கள் படித்தபடிதான் வந்தது. "டி டிரைவில் மட்டும் சேமிக்கவும்" என்று டில்லி டியாகவே படித்தேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கேபினில் நான் நிறுத்திய வாக்கியம், அவர் வேலை பார்த்த இடத்தை நான் இழுத்தது, கிழித்த எட்டுச் சீட்டு, மாற்றிய எழுத்து, ஆட்டிய தலை. அவருக்கு டிரைவ், ஸ்கிரிப்ட் எல்லாம் தெரியும், அவரும் டிராயிங் போட்டவர்தானே. விளக்க வேண்டியிருக்கவில்லை. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப அவ கரெக்டாத்தான் போட்டிருக்கா" என்றார்.

"ஆமாங்க."

"மறக்கல."

"இல்லீங்க. மறக்கல."

"எங்கிட்டயும் மறந்துட்டன்னுதாம்மா சொன்னா. அன்னையிலேருந்து அவ போற வரைக்கும் நான் அவள மறதிக்காரின்னுதான் கூப்பிட்டன். கேஸ் அணைச்சியா மறதிக்காரி, பூட்டுப் போட்டியா மறதிக்காரின்னு. ஒரு நாளும் இல்லன்னு சொல்லல அவ. சிரிப்பா."

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து உங்கள் படத்துக்கு முன்னால் போய் நின்று கன்னடத்தில் ஏதோ சொன்னார். எனக்கு அத்தனை கன்னடம் வராது. திரும்பி வந்து, சீட்டை நீயே வைத்துக்கொள் என்று கொடுத்தார்.

திங்கட்கிழமை எம்.டி. சாருக்குப் போன் செய்தேன். கம்பெனியை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறார். உங்களைப் பற்றி என்றதும், "யாரு, அந்த டெஸ்பாட்ச் பொண்ணா?" என்றார். "இல்ல சார், டிராயிங் போட்டவங்க" என்றேன். முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "நானும் அந்தப் பொண்ண ஒரு வார்த்த ஒழுங்கா கேக்கலயேம்மா" என்றார். மகனிடமும் பழைய ஆட்களிடமும் சொல்கிறேன் என்றார். சொல்வாரா என்று எனக்குச் சந்தேகம். அதனால் அக்கவுண்ட்ஸ்காரருக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன். இனி அவர் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்.

இப்போது கிருஷ்ணகிரியில் சின்னச் சின்ன ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் பார்த்துக்கொடுக்கிறேன். புத்தி மாறிவிடவில்லை, அக்கா. எண்ணெய் பாட்டிலில் இப்போதும் கோடு உண்டு. ஆனால் நேற்று ஒரு ஆபீஸில் மேசைக்கு அடியில் வயர் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு ஜோடி செருப்பு வந்து நின்றது. "மேடம், ஒரு டவுட்டு" என்று ஒரு பெண் குரல். போட்டது போட்டபடி வெளியே வந்தேன். அவசரத்தில் மேசை விளிம்பில் தலை நன்றாக இடித்துக்கொண்டது. அந்தப் பெண் பதறி, "ஒண்ணுமில்ல மேடம், அப்புறம் கேட்டுக்கறன்" என்றாள்.

"இல்லம்மா, இப்பவே கேளு" என்றேன்.